அலமாரிக் கதவுகள் சத்தமின்றி மூட

சமையலறை அலமாரிக் கதவு 'படார்' என்று அறைபடுவதற்குப் பெரும்பாலும் கீலிலுள்ள வில்லே காரணம். மூடும் தறுவாயில் அது கதவை வேகமாக இழுத்துக்கொள்கிறது. செலவு குறைந்த வழி, கதவின் உட்புறத்தில் கைப்பிடிப் பக்கத்து மேல், கீழ் மூலைகளில், எண்ணெய்ப் பிசுக்கை நன்கு துடைத்த பிறகு, சிறிய சிலிக்கான் பொட்டுகளை ஒட்டுவதாகும். இது சத்தத்தைக் குறைக்குமே தவிர வேகத்தைக் குறைக்காது.

கதவு தானே மெல்ல மூட வேண்டுமானால், ஹைட்ராலிக் கீல் எனக் கடைகளில் கேட்டு வாங்கும் சாஃப்ட் குளோஸ் கீலே தேவை. பழைய கீலின் வட்டக் கிண்ணம் 35 மில்லிமீட்டர் விட்டமுடையதாக இருந்து, கதவு பக்கப் பலகையை முழுதாக மறைக்கிறதா, பாதி மறைக்கிறதா, உள்ளடங்கி நிற்கிறதா என்பதற்கேற்ற வகையை வாங்கினால், கிண்ணத்துக்குப் புதிய குழி தோண்ட வேண்டியிராது. திருகுத் துளைகளின் இடைவெளி மட்டும் மாறக்கூடும் என்பதால், பழைய கீல் ஒன்றைக் கழற்றிக் கடைக்கே எடுத்துச் செல்வது நல்லது. இரண்டு கீல்களையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். கதவின் முழு எடையும் கையில் இறங்கிவிடும். திருகு பிடிக்காமல் சுழன்றால், மருந்து நீக்கிய தீக்குச்சியில் மரப்பசை தடவித் துளைக்குள் செருகி, காய்ந்த பின் முடுக்குங்கள்.