முதுகெலும்பு இணைப்பு ஆபரேஷன்: வீட்டுக்கு வந்தபின் முதல் மூன்று மாதம்

கீழ்முதுகில் ஐந்து எலும்புகள். அதிகப் பாரம் விழுவது கடைசி இரண்டு இடங்களில்: எல்4-எல்5 (நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே), எல்5-எஸ்1 (ஐந்தாவதுக்கும் அதன் கீழுள்ள இடுப்பெலும்புக்கும் நடுவே). அங்கே ஓர் எலும்பு முன்னே நழுவி நரம்பை நெருக்க, கால்வலியும் மரத்துப்போவதும் மருந்து, பிசியோதெரபி இரண்டுக்கும் அடங்காதபோதுதான் பெரும்பாலும் இணைப்பைப் பற்றி, அதாவது அந்த இரண்டு எலும்புகளையும் ஒன்றாகச் சேரவைப்பதைப் பற்றி, யோசிப்பார்கள். எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கியது மட்டும்தான் என்றால் பலருக்குப் பிதுங்கிய துண்டை எடுத்தாலே போதும். "எனக்கு இணைப்பு எதற்கு?" என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

உள்ளே என்ன செய்கிறார்கள்?
கெட்ட டிஸ்க்கை எடுத்து, அந்த இடத்தில் முட்டுக்கொடுக்கும் சின்னக் கூண்டும் எலும்புத் துகளும் வைப்பார்கள். மேலும் கீழும் உள்ள எலும்புகளில் வழக்கமாக நான்கு டைட்டானியம் ஸ்க்ரூ போட்டு, இரண்டு கம்பிகளால் பிணைப்பார்கள். ஸ்க்ரூவின் வேலை எலும்பு சேரும்வரை பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே. சேர 3 முதல் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். வலியோ அதற்கு வெகுமுன்பே குறைந்துவிடும். தப்பு நடப்பது இந்த இடைவெளியில்தான். சுகமாகிவிட்டது என்று குனிந்து பாரம் தூக்கினால் எலும்பு சேராமல் ஸ்க்ரூ தளரும், சில சமயம் முறியும்.

ஆபரேஷனுக்கு முன்
பீடி, சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே விடுங்கள், எலும்பு சேரும்வரை தொடவே வேண்டாம். நிக்கோட்டின் எலும்புக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஆஸ்பிரின், கஷாயம், லேகியம் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால், ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியோ வேறு ஆஸ்பத்திரியோ, காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

படுக்கையிலிருந்து எழும்புவது
தரையில் பாய் வேண்டாம், முழங்கால் உயரக் கட்டில் வேண்டும். மல்லாந்து படுத்திருந்தால் முதலில் இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பும்படி ஒருக்களியுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கும்போதே கீழ்க்கையின் முழங்கையையும் மேல்கையின் உள்ளங்கையையும் ஊன்றித் தள்ளி உட்காருங்கள். தலைசுற்றல் நின்றபிறகே நில்லுங்கள். தோளை மட்டும் முதலில் திருப்புவதுதான் எல்லாரும் செய்யும் பிழை, இடுப்பு முறுக்கிக்கொள்ளும்.

வீட்டில்
குளிக்கும் வாளியை ஸ்டூல் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கப்புக்கும் குனிய வேண்டும். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள், அதுவரை காயம் நனையக்கூடாது. குத்தவைக்கும் கழிவறை வேண்டாம், கமோடு நாற்காலி வாங்குங்கள். வலி மாத்திரையால் மலம் இறுகும், முக்கினால் முதுகு நோகும். தண்ணீர், கீரை, பழம் கூட்டுங்கள். சாளை மீன் எலும்புக்கு நல்லது.

முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடம் அதைவிடப் பலமடங்கு பாரம். கிணற்றில் இறைப்பது, வாரியலால் முற்றம் தூப்பது இரண்டும் கூடாது. நடையோ ஆபரேஷனுக்கு மறுநாளே தொடங்கும்: ஐந்து நிமிடம், நாளுக்கு நாலைந்து தடவை, பிறகு கூட்டுங்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த முற்றத்தில் நடக்காதீர்கள். ஒரு வழுக்கல் போதும்.

டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவற்றைக் கடையில் சுயமாக வாங்காதீர்கள், எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தலாம். வர்ம ஆசானிடம் தடவல், உழிச்சல் நம்மூர் வழக்கம்தான். ஆனால் எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சம்மதிக்கும்வரை முதுகில் யாரும் கைவைக்கக் கூடாது.

உடனே 108
மூத்திரம் வராமல் நின்றுபோவது, மறைவிடம் மரத்துப்போவது, கால் திடீரென்று பலமிழப்பது, மூச்சுத்திணறல். இவற்றுக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சல், காயத்தில் நீர் அல்லது சீழ், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேலைக்கு எப்போது?
உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம், நடுவில் அரைமணிக்கொரு தடவை எழும்பி நடக்க வேண்டும். ரப்பர் பால்வெட்டு, கொத்தனார் வேலை, வள்ளம் தள்ளுவது என்றால் எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்தது தெரிய வேண்டும். ஆறு மாதத்துக்குமுன் நாள் குறிக்காதீர்கள். முதலாளியிடமும் இதை முன்பே பேசிவிடுங்கள்.