ரிலே தானாக விழுந்தது: காரணம் 18ஆம் கால்

மட்டக்களப்பு வாவிக்கரை இறால் பண்ணையொன்றில் 12 காற்றூட்டிகளுக்கு, சென்சர்கள் போக ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் பின்கள் மிஞ்சவில்லை. பின்களைக் கூட்டித்தரும் எம்சிபி23017 சிப் பூட்டினேன். இரண்டே கம்பியில் 16 பின் கிடைத்தது.

ஆனால் காற்றூட்டிகளைப் போட்டு அணைக்கும் ரிலே சுவிட்சுகள் இடையிடையே மொத்தமாக விழுந்தன, அதாவது அணைந்தன. இரவில் காற்றூட்டி நின்றால் இறால் செத்து மிதக்கும்! சிப்பின் 18ஆம் கால்தான் ரீசெட். அதைச் சும்மா விட்டிருந்தேன். மோட்டர் இரைச்சல் பட்டதும் சிப் ரீசெட்டாகி, எல்லாப் பின்களும் இன்புட்டாக மாறும். நிரல் மறுபடி அமைக்கும்வரை ரிலே எழும்பாது. 10 கிலோஓம் ரெசிஸ்டரால் அந்தக் காலை 5 வோல்ட்டில் கட்டினேன், ரிலே விழுவது நின்றுவிட்டது. சிப்பின் மின்வழங்கல் கால்களான 9க்கும் 10க்கும் நடுவே 0.1 மைக்ரோஃபராட் கப்பாசிட்டரும் வைத்தேன்.

ஆர்டுயினோ இந்தச் சிப்பை அழைக்கும் முகவரி ஹெக்ஸ் (பதினறும எண்) 20 வர 15, 16, 17ஆம் கால்கள் கிரவுண்டில் இருக்கவேண்டும்.

ரிலேயை இந்தச் சிப்பில் நேரே பூட்டாதீர்கள். பின்னுக்கு உச்சம் 25 மில்லியாம்பியர். 12 ரிலேக்கு நடுவே, கூடுதல் மின்னோட்டம் தாங்கும் யூஎல்என்2803 டிரைவர் சிப் இரண்டு வேண்டும். அவற்றின் 10ஆம் கால் ரிலேயின் 12 வோல்ட்டுக்கு.