சமன்பாடு புள்ளிக்குப் பொருந்துகிறது, கோடு மட்டும் விலகுகிறது: என் அனுபவம்

பல நாளை விழுங்கிய சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. (−3, 5) வழியாகப் போகும் ஒரு நேர்கோட்டின் சமன்பாடு வேண்டும். குறிப்பில் வரைபடத்தோடு, சாய்வு (வலப்பக்கம் 1 நகர்ந்தால் கோடு எவ்வளவு ஏறும் என்பது) 0.67 என்று கொடுத்திருந்தார்கள். புள்ளிக்கு அருகே எல்லாம் சரி. எக்ஸ் 300 ஆனதும், வரைபடத்தில் ஒய் 207 இருக்கும் இடத்தில் எனக்கு 208.01 வந்தது.

முதலில் குறியைச் சந்தேகித்தேன். எக்ஸ் − (−3) என்பது எக்ஸ் + 3 ஆகும் இடத்தில்தான் பலருக்கும் சறுக்கும். அது சரியாகவே இருந்தது. அடைப்பைப் பிரித்து மறுபடி எழுதினேன், அதே விடை. (−3, 5)-ஐப் பிரதியிட்டால் ஒவ்வொரு முறையும் கச்சிதமாகப் பொருந்தியது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒய் − 5 = சாய்வு × (எக்ஸ் + 3) என்பதில் அந்தப் புள்ளியைப் போட்டால் இரண்டு பக்கமும் பூஜ்யம். சாய்வு 0.67 ஆனாலும் சரி, 40 ஆனாலும் சரி, பொருந்தத்தான் செய்யும்! கொடுத்த புள்ளியை வைத்துச் சாய்வைச் சோதிக்கவே முடியாது. அதோடு, பிழை அந்தப் புள்ளியில் பூஜ்யமாகத் தொடங்கி, தள்ளிப்போகப்போக அதே விகிதத்தில் வளரும்.

அப்புறம் வரைபடத்தில் இன்னொரு புள்ளியைப் பார்த்தேன்: (0, 7). வலப்பக்கம் 3, மேலே 2. ஆக சாய்வு 2/3, 0.67 அதன் முழுதாக்கிய வடிவம். பின்னத்தை அப்படியே வைத்து 3-ஆல் பெருக்கினேன்:

3(ஒய் − 5) = 2(எக்ஸ் + 3)
2எக்ஸ் − 3ஒய் + 21 = 0

எக்ஸ் 300 எனில் 3ஒய் = 621, ஒய் = 207.