அமிலத்தில் மருந்தை விடுவிக்கும் நானோதுகள்: ஒளிச் சிகிச்சைக்கு உதவுமா என்று ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

ஒளியியங்கு சிகிச்சையில் மருந்து, ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் புற்றுநோய்ச் செல் அழியும். இரத்தத்தின் பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 7.4, கட்டியைச் சூழ்ந்த திரவத்தில் அது பெரும்பாலும் 6.5 முதல் 6.9 வரையிலும், செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் சிறு பையான லைசோசோமில் 5-க்கு அருகிலும் இருக்கும். அமிலத்தில் அறுபடும் ஹைட்ரசோன் பிணைப்பின் மூலம் குளோரின் இ6 என்னும் ஒளியுணர்வூக்கியை (ஒளி பட்டால் செயல்படும் மருந்தை) சுமக்கும் நானோதுகள் ஒன்றை நீங்கள் தயாரித்திருப்பதாகக் கொள்வோம்.

முதலில், துகளை உள்ளே நிறுத்தி, விடுபட்ட மருந்தை மட்டும் வெளியேவிடும் டயாலிசிஸ் பையில் இட்டு, பிஎச் 7.4, 6.5, 5.0 ஆகிய மூன்று பஃபர்களில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்களில்), 37 டிகிரி செல்சியஸில், அலுமினியத் தாளால் சுற்றி இருட்டில் வைத்து, குறித்த நேரங்களில் வெளிக்கரைசலை எடுத்து அளவிட வேண்டும். பிஎச் 5.0-இல் பாஸ்பேட் பஃபரின் தாங்கும் திறன் மிகக் குறைவு என்பதால் அங்கே அசிடேட் பஃபரே தகும். மேலும், குளோரின் இ6 அமிலத்தில் எளிதில் கரையாது. விடுபட்ட மருந்து பைக்குள்ளேயே திரண்டு தங்கிவிட்டால், நன்றாக வேலைசெய்யும் துகளையும் பயனற்றது என்று ஒதுக்கிவிட நேரும். ஆகவே எல்லாப் பஃபர்களிலும் ஒரே அளவில் மருந்தைக் கரைய வைக்க உதவும் ட்வீன் 80-ஐச் சிறிது சேர்ப்பதோடு, துகளில் ஏற்றாத வெறும் மருந்தையும் தனிப் பையில் இட்டு, அது வெளியேறும் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்.

பிஎச் 7.4-இல் ஏற்படும் கசிவைச் சிறிதென்று விட்டுவிடக் கூடாது; இரத்தத்தில் அப்படிக் கசியும் மருந்து தோலையும் அடைந்து வெயிலில் செயல்படக்கூடும். அமெரிக்காவில் 1995-இல் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்ற போர்ஃபிமர் சோடியம் என்னும் ஒளியுணர்வூக்கியைச் செலுத்திக்கொண்ட நோயாளி, தோல் வெந்துவிடாமலிருக்கக் குறைந்தது 30 நாள்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டியிருக்கிறது. இந்தத் துன்பத்தைக் குறைப்பதே இத்தகைய துகள்களிடம் நாம் எதிர்பார்க்கும் பெரும் பயன்.

செல் சோதனையில், உட்புகாத துகள்களைக் கழுவி நீக்கிய பிறகு 660 நானோமீட்டர் ஒளியைச் செலுத்துங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் வீதம் 100 விநாடி செலுத்தினால் 10 ஜூல் கிடைக்கும். ஒளி மட்டும், ஒளியுடன் வெற்றுத் துகள், ஒளியுடன் வெறும் மருந்து, இருட்டில் மருந்தேற்றிய துகள் என ஒப்பீட்டுத் தட்டுகள் அனைத்தும் வேண்டும். இவற்றுள் இருட்டுத் தட்டையே நான் முதலில் பார்ப்பேன். துகள்கள் பெருமளவில் சேரும் கல்லீரலுக்கு ஒளி செல்லாது என்பதால், அங்கே அவை தீங்கு செய்யுமா என்பதற்கான முதல் அறிகுறி அதில்தான் கிடைக்கும். கட்டியின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால், இதே சோதனையை 1 சதவீத ஆக்சிஜனிலும் ஒருமுறை செய்து பாருங்கள்.