காசிமேட்டு வஞ்சிர விலையும் ஏஐசியும்: எந்த மாதிரியை வைத்துக்கொள்வது?

காசிமேட்டில் ஒரு கிலோ வஞ்சிரம் காலையில் என்ன விலைக்குப் போகிறது என்பதை, ஏப்ரல் 15-க்கு முன்னும் பின்னுமாக 44 நாள் குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதும், விசைப்படகுகள் கரையில் கட்டப்படுவதும் அந்த நாளில்தான். கீழே வரும் எண்கள் பயிற்சிக்காக நான் அமைத்தவை. சந்தை நிலவரம் அல்ல.

முதலில் மூன்று நேர்கோட்டு மாதிரிகளை, அதாவது சில காரணிகளைக் கொண்டு விலையைக் கணிக்கும் சமன்பாடுகளை, இந்தத் தரவுக்குப் பொருத்துங்கள். முதல் மாதிரியில் தடைக்காலமா இல்லையா என்பது மட்டும் இருக்கட்டும். இரண்டாவதில் ஞாயிற்றுக்கிழமையா என்பதையும், மூன்றாவதில் இவற்றோடு காற்றின் வேகம், மழை, கரைக்கு வந்த படகுகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் சேருங்கள். காரணிகளைக் கூட்டக் கூட்டப் பொருத்தம் கூடுமே தவிரக் குறையாது என்பதால், பொருத்தத்தை மட்டும் பார்த்தால் மூன்றாவதே எப்போதும் வெல்லும். இதற்கு விடையாக ஜப்பானியப் புள்ளியியலாளர் ஹிரோதுகு அகைகே 1970-களின் தொடக்கத்தில் தந்த அளவுகோலே ஏஐசி (AIC, அகைகே தகவல் அளவுகோல்). அளவுருக்களின், அதாவது மாதிரி தரவிலிருந்து கணிக்கும் எண்களின், எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, அதிலிருந்து லாக்-லைக்லிஹுட்டின் (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஒவ்வொரு நாளுக்கும் கணக்கிட்டுக் கூட்டிய எண்) இருமடங்கைக் கழிக்க வேண்டும். கிடைக்கும் எண் எதற்குக் குறைவோ அந்த மாதிரி மேலானது.

அளவுருக்களை எண்ணும்போது கோட்டின் தொடக்க மதிப்பான மாறிலியையும் கணிப்புப் பிழையின் பரவலையும் விட்டுவிடக் கூடாது. அப்படி எண்ணினால் நம் மாதிரிகளுக்கு 3, 4, 7 என வரும்.

அடுத்த படியில்தான் தொடங்குவோர் பலரும் வழுக்குகிறார்கள் என்பதால் இங்கே சற்று நின்று பாருங்கள். நான்கு நாள் காற்றின் வேகத்தைக் குறிக்கத் தவறிவிட்டீர்கள் என்றால், புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) நிரல்மொழி அந்த நான்கு நாளின் வரிசைகளையும் மூன்றாவது மாதிரியில் தானாகவே நீக்கிவிடும். அப்போது இரண்டாவது மாதிரியின் ஏஐசி சுமார் 462 என்றும், மூன்றாவதன் ஏஐசி 424.8 என்றும் வந்து, மூன்றாவது பெருவெற்றி பெற்றதுபோலத் தோன்றும். உண்மையில் 40 நாளின் கூட்டுத்தொகையை 44 நாளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டிருக்கிறோம், அவ்வளவே. ஆகவே ஒவ்வொரு மாதிரியும் எத்தனை வரிசைகளைப் பயன்படுத்தியது என்று 'நோப்ஸ்' (nobs) கட்டளையால் பார்த்து, மூன்றையும் அதே 40 நாளில் மீண்டும் பொருத்துங்கள்.

இப்போது லாக்-லைக்லிஹுட் முறையே −212.0, −206.5, −205.4 என்றால், ஏஐசி 430.0, 421.0, 424.8 ஆகும். தரவு சிறிதாக இருப்பதால் திருத்திய ஏஐசியையே நான் பரிந்துரைப்பேன்: அளவுருக்கள் k, நாட்கள் n எனில், 2k(k+1)-ஐ (n−k−1)-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். அப்போது 430.7, 422.1, 428.3 என வந்து, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளி 3.8-லிருந்து ஏறத்தாழ 6.2 ஆக விரிகிறது. இடைவெளி 2-க்குள் இருந்தால் இரு மாதிரிகளையும் கைவிடாமல் வைத்துக்கொள்வதும், 10-ஐத் தாண்டினால் பின்தங்கியதை விட்டுவிடுவதும் வழக்கம். 6.2 என்பது இரண்டாவதன் பக்கம் தெளிவாகவே சாய்கிறது.

விலைக்குப் பதிலாக அதன் இயல்மடக்கையை வைத்துப் பொருத்திய மாதிரியை இந்த வரிசையில் அப்படியே சேர்க்க வேண்டாம். அதன் ஏஐசியோடு, இயல்மடக்கை விலைகள் அனைத்தின் கூட்டுத்தொகையை இருமடங்காக்கிச் சேர்த்த பிறகே ஒப்பிடலாம்.

கடைசியாக, இரண்டாவது மாதிரியின் எச்சங்களை (உண்மை விலைக்கும் கணித்த விலைக்கும் உள்ள வேறுபாடுகளை) நாள் வரிசையில் வரைந்து பாருங்கள். நேற்றைய விலை இன்றைய விலையை இழுப்பது சந்தையில் இயல்பு. அந்தச் சாயல் படத்தில் தெரிந்தால், மூன்று மாதிரிகளுமே அதைத் தவறவிட்டிருக்கின்றன. அவற்றுள் எது மேலானது என்று மட்டும் சொல்லும் ஏஐசி அதைக் காட்டிக்கொடுக்காது. முந்தைய நாள் விலையையும் ஒரு காரணியாக்கி நான்காவது மாதிரியைப் பொருத்துங்கள். முதல் நாளுக்கு முந்தைய விலை இராது என்பதால், வரிசைகளை மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.