மலையா, பழுதா? நீலகிரியில் ஓடும் பழைய லாரி டீசலை அதிகம் குடிப்பதன் காரணத்தைக் கண்டறியும் முறை

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் லாரி, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் 1900 மீட்டர் உயரம் ஏறுகிறது. சரக்கோடு சேர்த்து 5 டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 93 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பழைய எஞ்சினைப் பொறுத்தவரை பெரிது. ஆகவே உயரத்துக்காக மட்டுமே 8 லிட்டர் போய்விடுகிறது. டயர் உருள்வதற்கான செலவையும் சேர்த்தால் 10 லிட்டரைத் தாண்டும். எந்தக் குறையும் இல்லாத வண்டிகூடப் பாரத்துடன் ஏறும்போது லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுக்காது என்பதே இதன் பொருள்.

இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. இங்கே பழைய வண்டி வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் மலையின் வேலையைப் பழுது என்று எண்ணி, நன்றாக இருக்கும் டீசல் பம்பை, அதாவது எஞ்சினுக்கு டீசலை அளந்து தள்ளும் கருவியைக் கழற்றிக் கெடுத்துக்கொள்கிறார்கள். மற்றொரு சாரார் உண்மையான பழுதை மலையின் தலையில் கட்டிவிட்டு, ஆண்டுக்கணக்கில் டீசலுக்குப் பணம் அழுகிறார்கள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். கீழே சொல்வது, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத, மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த பழைய மினி லாரிகளுக்குப் பொருந்தும். காமன் ரெயில் எஞ்சின் (மிக உயர்ந்த அழுத்தத்தில் மின்னணு முறையில் டீசலைச் செலுத்துவது) உள்ள பிற்கால வண்டிகளில் எரிபொருள் குழாய்களைத் தொடும் வேலை எதையும் வீட்டில் முயலக் கூடாது.

முதலில் அளவு

வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்க்காமல் மைலேஜ் பற்றிப் பேசுவதில் பயனில்லை. டயர் அளவை மாற்றியிருந்தாலும், மீட்டர் கேபிள் தேய்ந்திருந்தாலும், நீங்கள் வகுக்கும் எண்ணே தவறாகிவிடும். சாலையோரக் கிலோமீட்டர் கற்களை வைத்து ஒரு பத்து கிலோமீட்டராவது ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது காட்டும் மீட்டர், நல்ல வண்டியையும் நோயாளி ஆக்கிவிடும்.

அடுத்து டீசல் நிரப்பும் இடம். மலையில் உள்ள பங்க்குகளில் சில சரிவில் அமைந்திருப்பதால், ஒருபுறம் சாய்ந்து நிற்கும் டேங்க்கில் ‘ஃபுல்’ என்பது ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருப்பதில்லை. மேட்டுப்பாளையத்தில் சமதரையான ஒரு பங்க்கைத் தேர்ந்துகொண்டு, அதே பம்பில், அதே திசையில் வண்டியை நிறுத்தி, நுரை அடங்கும்வரை பொறுத்து நிரப்புங்கள். மலைக்குப் போய்த் திரும்பி வந்து, அதே இடத்தில் மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். ஏற்றத்தைத் தனியாகவோ இறக்கத்தைத் தனியாகவோ அளந்தால் கிடைக்கும் எண்ணால் எந்தப் பயனும் இல்லை. காலையில் அரிசியோ சிமெண்டோ ஏற்றிக்கொண்டு மேலே போய், மாலையில் காரட்டோ உருளைக்கிழங்கோ ஏற்றிக்கொண்டு மண்டிக்கு இறங்கும் வண்டிக்கும், காலியாக ஏறிப் பாரத்துடன் இறங்கும் வண்டிக்கும் கணக்கு வேறுவேறு என்பதால், ஏறும்போது இருந்த எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி மூன்று நடை பார்த்த பிறகே சராசரியை நம்பலாம்.

இந்த இடத்தில் ஒரு பழைய மூடநம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் வேகம் ஐடிலுக்கு (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் தானாக ஓடும் வேகம்) மேல் இருக்கும்வரை, டீசல் பம்பிலுள்ள வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான கவர்னர் டீசலை நிறுத்திவிடுகிறது. சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் தானாக ஓட வேண்டியிருப்பதால் டீசல் செலவாகிறது. மிச்சம் ஒன்றும் இல்லை, பிரேக் மட்டும் காய்கிறது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களுக்கு பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரின் வேக்குவமும் சில மிதிகளில் தீர்ந்துபோகும். பர்லியாருக்குக் கீழே உள்ள கொண்டை ஊசி வளைவுகளில் அப்படிப் பரிசோதனை செய்து பார்ப்பதற்கு ஒருவருக்கு ஒரு வாய்ப்புதான் கிடைக்கும்.

புகையைப் படித்தல்

சராசரி குறைவு என்று உறுதியான பிறகு, முதலில் பார்க்க வேண்டியது புகைக்குழாயை. உதகையின் உயரமான 2240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பம்ப் தள்ளும் டீசல் குறைவதில்லை, எஞ்சின் இழுக்கும் காற்று குறைகிறது. எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியேறுகிறது. ஆகவே உதகைக்கு அருகிலுள்ள லவ்டேல் ஏற்றத்தில் பாரத்துடன் மூன்றாம் கியரில் வரும் கரும்புகையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அதே பாரத்துடன் காரமடைப் பக்கம் சமவெளியில் அழுத்தி ஓட்டும்போதும் அதே அளவு கருப்பு வந்தால் அது பழுது. மேலே மட்டும் வந்தால் பெரும்பங்கு மலையின் வேலை. கண்ணை நம்ப வேண்டாம். பின்னால் இரு சக்கர வண்டியில் ஒருவரை வரச் சொல்லி, இரண்டு இடத்திலும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

பழுதுதான் என்றால், மலிவானதிலிருந்து தொடங்குங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்புகளின் இடையே வெளிச்சம் தெரியாவிட்டால் ஊதித் தட்டிப் போடாமல் மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே மெலிந்திருக்கும் மலைக்காற்றை அடைத்த ஃபில்டர் மேலும் மெலிய வைக்கிறது என்பதால், சமவெளியில் இன்னும் ஒரு மாதம் தாங்கக்கூடிய ஃபில்டர் இங்கே தாங்காது. அடுத்து டேப்பெட் இடைவெளி, அதாவது எஞ்சின் வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு சந்து. அதற்குரிய அளவும், எஞ்சின் சூடாக இருக்க வேண்டுமா குளிர்ந்திருக்க வேண்டுமா என்பதும் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

அதன் பிறகும் கருப்பு போகாவிட்டால் நாசில், அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனை. எந்த சிலிண்டர் சோம்பலாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழைய முறை ஒன்று உண்டு. எஞ்சினை ஐடிலில் விட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் வரும் குழாயின் நட்டை அரைச் சுற்று தளர்த்திக் காதைக் கொடுங்கள். நன்றாக வேலை செய்யும் சிலிண்டர் நின்றவுடன் எஞ்சின் தடுமாறும், ஓசை மாறும். எந்த நட்டைத் தளர்த்தியும் ஓசையில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சும்மா இருந்தது என்று பொருள். கசியும் டீசலைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். விரலை அதன் எதிரே நீட்டவே கூடாது, ஏனெனில் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சந்தேகப்பட்ட நாசிலை டெஸ்டரில் வைத்து அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பனிப்புகை போல் சிதறினால் நல்லது. நூலாக ஓடினாலோ, நுனியில் சொட்டு நின்றாலோ மாற்ற வேண்டியதுதான். டீசல் பம்பைத் தொடுவது இதற்கெல்லாம் பிறகுதான்.

நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி வந்தால் கவலையில்லை. மூடியைத் தலைகீழாகத் துளையின் மேல் வைத்தவுடன் அது துள்ளி விழும் அளவுக்குக் காற்று வந்தால், மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று சொல்வது அதுதான். பிஸ்டன் ரிங்கோ, பிஸ்டன் ஓடும் உறையான லைனரோ தேய்ந்திருக்கிறது. அந்த எஞ்சினுக்கு நாசில் மாற்றுவது வீண் செலவு. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போய், விரலில் தொட்டால் டீசல் வாடை அடித்தால், பம்பின் உள் கசிவு வழியாக டீசல் எஞ்சின் எண்ணெயில் கலக்கிறது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள்; நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

வெள்ளைப் புகையைப் பொறுத்தவரை, மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்த காலையில் முதல் சில நிமிடம் வருவது இயற்கை. சூடான பிறகும் தொடர்ந்து வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் என்னும் சிறு பொருள்

சமவெளியில் சூடேறும் வண்டிகளுக்கு மெக்கானிக்குகள் செய்யும் குறுக்குவழி, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. பழைய வண்டியைக் கீழே வாங்கி மேலே கொண்டு வருபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. குளிர்ந்த காற்றில், தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் குன்னூர் தாண்டிய பிறகும், குறிப்பாக இறக்கங்களில், வேலை செய்ய வேண்டிய சூட்டை எட்டுவதே இல்லை. குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுமையாக எரியாது, லைனர் விரைவில் தேயும். டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் அடியிலேயே கிடந்தால், மேல் ஹோஸின் இணைப்பைத் திறந்து பாருங்கள்; அந்த இடம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர்மாறான சிக்கல் ஏற்றத்தில் வரும். உதகை உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை எட்டும் முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கொதிநிலை உயரும். மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால், வேறெந்தக் குறையும் இல்லாமலே வண்டி ‘சூடேறுகிறது’ என்று தோன்றும். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எஞ்சினுக்கு வெளியே

எல்லோரும் எஞ்சினையே பார்ப்பதால் தப்பித்துக்கொள்ளும் குற்றவாளி பிரேக். சில ஆண்டுகளுக்கு முன் என் வண்டியின் மைலேஜ் இரண்டு மாதத்தில் கால்பங்கு சரிந்தது. நாசில் பார்த்தாயிற்று, ஃபில்டர் மாற்றியாயிற்று, ஒரு பட்டறையில் பம்பையும் கழற்றி மாட்டிப் பணம் வாங்கினார்கள், எதுவும் மாறவில்லை. ஒருநாள் மேட்டுப்பாளையத்தில் பஞ்சர் பார்க்க நிறுத்தியபோது, கை கழுவிய தண்ணீர் இடது பின்சக்கரத்தில் தெறித்து ‘சுர்’ என்றது. வலது பக்கத்தில் தெளித்தேன். ஓசை இல்லை, தண்ணீர் வழிந்து ஓடியது. பிரேக் டிரம்மைக் கழற்றியபோது, பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து, ஷூவை உள்ளே திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது; ஆண்டின் பெரும்பகுதி மூடுபனியில் கிடக்கும் ஊரில் அதைக் காலத்தில் மாற்றாமல் விட்டால் இதுதான் நடக்கும்.

இந்தச் சோதனையை மலை இறங்கிய உடனே செய்யக் கூடாது. அப்போது எல்லா டிரம்மும்தான் கொதிக்கும். இறங்கிய பின் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, சமவெளியில் ஐந்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டி, கியரில் வேகத்தைக் குறைத்து நிறுத்தி, நான்கு பக்கமும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தனித்துச் சூடாக இருந்தால் அதுதான். அதன் பிறகு மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி சூடாக இருந்தால், பிரேக் பெடலில் இருக்க வேண்டிய சிறு தளர்வு இல்லாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

கிளட்ச் வழுக்கலுக்கு மலையைவிடச் சிறந்த சோதனைச்சாலை இல்லை. ஏற்றத்தில் அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மட்டும் உயர்ந்து வண்டியின் வேகம் உயராவிட்டால், கருகிய வாடையும் சேர்ந்தால், பிளேட் முடிந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவில் முன்வண்டி நகரும்வரை கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்கும் ஓட்டுநருக்குப் புதிய பிளேட்டும் நெடுநாள் வராது; ஹேண்ட் பிரேக்கைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

வளைவுகள் வீல் பேரிங்கையும் காட்டிக்கொடுக்கும். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரங்களில் சாயும். அப்போது உறுமல் கூடி, இடப்பக்கம் திரும்பும்போது குறைந்தால், இடது பக்க பேரிங்கைப் பாருங்கள். டயர் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன்பு, பாரத்துக்கு ஏற்ற அளவுக்குப் பிடியுங்கள். மேலே ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானி மூன்று பவுண்டு கூட்டிக் காட்டும். ஆனால் மேலே உள்ள குளிர் கிட்டத்தட்ட அதே அளவைக் குறைத்துவிடும். ஆகவே ஊருக்கு ஊர் திருத்த வேண்டியதில்லை. முன் டயர் உள்பக்கமோ வெளிப்பக்கமோ மட்டும் தேய்ந்து, கையால் தடவினால் ரம்பம் போல் உறுத்தினால், அலைன்மென்ட்டும், முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங் பின்னும் பார்க்கப்பட வேண்டும்.

எதைச் சரிசெய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஒன்றைச் செய்த பிறகு, முன்பு அளந்த அதே பங்க்கில், அதே பாரத்துடன் இரண்டு நடை அளந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். என் வண்டியின் சன் வைசருக்குப் பின்னால் ஒரு சிறு நோட்டு செருகியிருக்கிறது. அதில் தேதி, கிலோமீட்டர், லிட்டர், ஏறும்போது இருந்த எடை, அன்று மாற்றிய பொருள் ஆகிய ஐந்து மட்டும்தான் எழுதுகிறேன். பட்டறையில் ‘பம்பை இறக்கிவிடலாம்’ என்று சொல்லும்போது முதலில் அந்த நோட்டைத்தான் பிரிக்கிறேன்.