ஐந்தடி ஒரு அங்குலத்துக்கு எக்ஸ்பல்ஸ்: சீட் உயரத்தைக் குறைப்பது எப்படி

காடாம்புலியூர் அருகே எங்களுக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது. பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கும் நாட்களில் வாரம் மூன்று முறையாவது கடலூரிலிருந்து போய்வர வேண்டும். தார் ரோடு முடிந்ததும் செம்மண், நடுநடுவே சக்கரம் புதையும் மணல். ஸ்கூட்டரில் போய்ப் போய் அலுத்துத்தான் கரடுமுரடான பாதைக்கென்று வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக், பழையது ஒன்றை வாங்கினேன். சீட் உயரம் 823 மில்லிமீட்டர். நான் ஐந்தடி ஒரு அங்குலம், 52 கிலோ. முதல் நாள் மஞ்சக்குப்பத்தில் ஓரமாக நிறுத்தியபோது இடது கால் கட்டைவிரல் மட்டும்தான் தரையைத் தொட்டது. இப்போது இரண்டு முன்பாதமும் தரையில் ஊன்றுகிறது. எந்த வரிசையில் வேலை செய்தேனோ, எங்கே தவறினேனோ, அதையெல்லாம் சொல்கிறேன்.

குதிகால் இரண்டும் தரையில் பட வேண்டும் என்று நினைக்காதீர்கள். அதற்காக வண்டியை இறக்கினால் அது காட்டு வண்டியாகவே இருக்காது. ஒரு காலை முழுதாக ஊன்ற முடிந்தால், அல்லது இரண்டு முன்பாதமும் பட்டால் போதும்.

முதலில் கை வைக்க வேண்டியது, பின் சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக்கின் ஸ்பிரிங்கில். குள்ளமானவர்கள் பெரும்பாலும் எடையும் குறைந்தவர்கள். நாம் ஏறி உட்கார்ந்தால் வண்டி அமுங்குவதே இல்லை. இதை அளந்து பார்க்கலாம். வண்டியைச் சைடு ஸ்டாண்டின் மேல் சாய்த்துப் பின் சக்கரம் தரையை விட்டு எழும்படி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பின் சக்கரத்தின் நடுவில் உள்ள ஆக்ஸில் நட்டிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு போல்ட் வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஹெல்மெட், ஷூ எல்லாம் போட்டு உட்காருங்கள். என் தம்பி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான், அம்மா டேப் பிடித்தார். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமுங்கும் அளவு. பின் சக்கரம் மொத்தம் 170 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 50 சொச்சம், அமுங்க வேண்டும். என் வண்டியில் 41தான் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் பின்னால் ஆள் ஏற்றுவதற்காக ஸ்பிரிங்கை இறுக்கி வைத்திருந்தார் போலும். அதைத் தளர்த்தியதும் 53 வந்தது. செலவே இல்லாமல் 12 மில்லிமீட்டர்! பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றும் நாளில் மட்டும் மறுபடி இறுக்கிவிடுங்கள்.

அடுத்தது சீட். இங்கே நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். குஷன் கடையில் “உயரத்தைக் குறைங்க அண்ணே” என்று மட்டும் சொன்னேன். அவர் ஸ்பாஞ்சை மேலே தட்டையாகச் சீவிவிட்டார். பண்ருட்டி போய்த் திரும்புவதற்குள் வால் எலும்பு அடித்தட்டில் இடித்து இரண்டு நாள் நிமிர முடியவில்லை. உண்மையில் காலை எட்டவிடாமல் தடுப்பதில் பாதி, சீட்டின் அகலம். தொடை வெளியே தள்ளப்படுவதால் கால் நேராக இறங்காமல் வளைந்து இறங்குகிறது. ஆகவே வண்டியில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, தொடையின் உள்பக்கம் சீட்டில் உரசும் இடத்தை இரு பக்கமும் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். டேங்கை ஒட்டிய அந்த ஓரங்களைத்தான் சீவச் சொல்ல வேண்டும். மேல்பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் எடுக்க விடாதீர்கள். உட்காரும் எலும்பு பதியும் இடத்தில் கொஞ்சம் கெட்டியான ஃபோம் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். ரெக்சினுக்கு அடியில் ஒரு பாலித்தீன் தாளும் போடச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் ஸ்பாஞ்சு தண்ணீர் குடித்தால் கார்த்திகை முடியும்வரை காயாது.

இந்த இரண்டிலேயே பலருக்குக் கால் எட்டிவிடும். அப்படியானால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு எட்டவில்லை.

மூன்றாவது, பின் சஸ்பென்ஷனில் ஷாக்கைப் பின் சக்கரப் பகுதியோடு சேர்க்கும் லிங்க் என்ற சிறு உலோகத் துண்டை மாற்றுவது. நீளமான லிங்க் போட்டால் பின்பக்கம் இறங்கும். 25 மில்லிமீட்டர் இறக்கும் ஒன்றைப் போட்டேன்; அதற்கு மேல் போக மாட்டேன். தரைக்கும் எஞ்சினுக்கும் இடையே இருந்த 220 மில்லிமீட்டர் இடைவெளி இதனால் குறைகிறது, முந்திரி வேர் அடியில் தட்டும் சத்தம் முன்பைவிட அதிகமாகவே கேட்கிறது.

லிங்க் மாற்றிய அன்றே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. சைடு ஸ்டாண்டை நான் அப்படியே விட்டுவிட்டேன். வண்டி இறங்கியதால் ஸ்டாண்ட் நீளமாகிப்போய், வண்டி சாயாமல் கிட்டத்தட்ட நட்டமாக நின்றது. தோப்பில் மணல் சற்று இளக, வண்டி வலப்பக்கம் சாய்ந்து பிரேக் லீவர் உடைந்தது. அப்புறம்தான் பட்டறையில் ஸ்டாண்டை வெட்டிச் சிறிதாக்கி ஒட்டவைத்தேன், அடியில் அகலமான தகடும் வைத்து.

முன்பக்கத்தையும் கூடவே இறக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஹேண்டில் மந்தமாகத் திரும்பும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து வண்டியை அசையாமல் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மேல், கீழ் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, இரண்டு குழாயையும் 15 மில்லிமீட்டர் மேலே தள்ளினோம். இரு பக்கமும் ஸ்கேல் வைத்து ஒரே அளவா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட வேண்டாம். குழாய் ஹேண்டில்பாரில் இடிக்கக் கூடாது, பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடக் கூடாது. போல்ட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். வெறும் ஸ்பேனர் வைத்துக் கைக்கணக்கில் இறுக்கும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பிறகு ஆள் உட்கார்ந்த நிலையில் செயின் தொய்வைச் சரிபார்த்து, ஹெட்லைட் வெளிச்சம் கீழே விழும்படியும் சரிசெய்து வையுங்கள்.

நிறுத்தும் பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும். இடுப்பைச் சீட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்தி இடது காலை மட்டும் ஊன்றுங்கள். சாய்வான தரையில் மேடு இடப்பக்கம் வரும்படி நிறுத்துங்கள். தோப்பில் எங்கள் கிணற்றுமேட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது; கொட்டை மூட்டையோடு போகும் நாளிலும் அங்கேதான் நிறுத்துகிறேன்.